கார் ஏ.சி.யில் அனல் காற்றா? கேஸ் போடுமுன் ஒரு நிமிடம்!

சித்திரை பிறந்துவிட்டால் போதும், நம் சங்கத்து விழாக்களில் ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பேன், சாம்பார் வருவதற்கு முன்னால் பக்கத்து இலைக்காரர் ஆரம்பிப்பார்: "சார், நம்ம கார் ஏ.சி.யிலே சூடா காத்து வருது. மெக்கானிக் கேஸ் போடணும்கிறான். போடலாமா?" குளிர்சாதனத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலம் தள்ளுகிறவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி ரசம் ஆறிப்போவதைவிட, எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் மலர்க் குழு நண்பர். அதுதான் இந்தக் கட்டுரை.

நாம் குடியிருக்கும் ஸ்ரீ சிட்டிக்கும் இந்த விஷயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தடாவை ஒட்டி 2008-இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரம் இன்று ஏ.சி. செய்யும் ஊராகவே ஆகிவிட்டது. டைகின், புளூ ஸ்டார் இரண்டும் 2023-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. லாயிட் ஏ.சி.யும் இங்கே தயாராகிறது. 2016 முதல் இசுஸு வண்டிகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. வண்டியும் ஏ.சி.யும் செய்கிற ஊரில் நம் வீட்டுக் கார் மட்டும் அனல் கக்கினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கேஸ் 'தீர்ந்து' போகுமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். பெட்ரோல் தீருவதுபோல ஏ.சி. கேஸ் தீராது. அது ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார் ஏ.சி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் 'கூலிங் காயில்' என்ற பாகத்தில் திரவம் ஆவியாகி, காருக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு அது மறுபடி திரவமாகிறது. வழியில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு துவாரத்தின் வழியாகத் திரும்பவும் கூலிங் காயிலுக்கு வருகிறது. பானைத் தண்ணீர் காற்றோடு போய்விடும். இது மட்டும் திரும்பத் திரும்ப அதே பயணம்.

ஆகவே கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். வீட்டு ஏ.சி.யில் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். இணைப்புகளும் பெரும்பாலும் பற்றவைத்தவை. காரிலோ கம்ப்ரஸரின் தண்டு பெல்ட்டுக்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சீல். என்ஜின் ஆடுவதால் ரப்பர் குழாய்கள், இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங்குகள். இவற்றின் வழியே ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பே. புதுக் கார் பல ஆண்டுகள் கழித்துக் கொஞ்சம் குளிர்ச்சி குறைந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போட வேண்டியிருந்தால் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான்.

அறிகுறி பார்த்து நோய் அறிவோம்

பட்டறைக்குப் போகுமுன் நீங்களே சில விஷயங்களைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு: கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்சர் தகட்டில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிக்னலில் நின்றதும் குட்டு வெளிப்படுகிறது.

முதலில் நல்ல குளிர்ச்சி, அரை மணி கழித்துக் காற்றே வரவில்லை: கூலிங் காயில் மேல் பனி படிந்து அடைத்துக்கொள்கிறது. ஏ.சி.யைப் பத்து நிமிடம் நிறுத்தினால் பனி கரைந்து சரியாகும். கேபின் ஃபில்டர் அழுக்கு, காயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சார் கோளாறு, குறைந்த கேஸ் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

காற்று குளிர்கிறது, ஆனால் வேகமே இல்லை: பெரும்பாலும் கேபின் ஃபில்டர்தான். பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பத்து நிமிடத்தில் நாமே கழற்றலாம். ஊதினால் கறுப்புப் புழுதி பறந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

எப்போதும் சூடு, ஏ.சி. பட்டனை அழுத்தினால் 'டக்' என்ற சத்தமே இல்லை: கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கவில்லை. ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் காயில், பிரஷர் ஸ்விட்ச் இவற்றில் ஏதாவது ஒன்று. கேஸ் மிகக் குறைந்தாலும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓட விடாது. (சில புதிய வண்டிகளின் கம்ப்ரஸரில் கிளட்ச்சே கிடையாது, அவற்றில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.)

கம்ப்ரஸர் ஓடுகிறது, குழாய் சில்லென்று இருக்கிறது, உள்ளே மட்டும் சூடு: டாஷ்போர்டுக்குள் குளிர்காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் ஒரு கதவு உண்டு. அது ஹீட்டர் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மலை ஏறும்போது மட்டும் சூடு: அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும்போது பலரும் சொல்லும் புகார் இது. என்ஜின் சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே கம்ப்ரஸரை நிறுத்தி என்ஜினைக் காப்பாற்றுகிறது. முதலில் கூலண்ட் அளவையும் ரேடியேட்டர் ஃபேனையும் பாருங்கள்.

ஒரு ரிலே செய்த வேலை

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். நம் குடியிருப்பில் உள்ள கும்பகோணத்து நண்பர் ஒருவர், கண் அறுவை செய்துகொண்ட தம் தாயாரைப் பரிசோதனைக்காக மாதம் ஒருமுறை சென்னைக்கு அழைத்துப் போவார். போன வருடம் மே மாதம். டோல்கேட் வரிசையில் கார் நின்றதும் ஏ.சி.யிலிருந்து அனல். ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகையும் புழுதியும்; ஆபரேஷன் செய்த கண்ணுக்குத் தூசி ஆகாது. மூடினால் எழுபத்தெட்டு வயதுப் பெரியவருக்கு மூச்சு முட்டுகிறது. கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றி, ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தி மோர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டியபோது, "கம்ப்ரஸர் போயிடுச்சு, முப்பத்திரண்டாயிரம் ஆகும்" என்றார்களாம். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த மாதம்தான் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணமும். இரண்டையும் நினைத்து நண்பர் என்னிடம் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். என்ஜினை ஓட விட்டு ஏ.சி.யைப் போட்டோம். 'டக்' என்று கிளட்ச் பிடித்தது. முதல் இரண்டு நிமிடம் குளிர்ந்த காற்றும் வந்தது. ஆனால் முன்பக்கத்து ஃபேன் சுற்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கிளட்ச் விட்டுவிட்டது. காரணம் புரிகிறதல்லவா? ஃபேன் ஓடாததால் கண்டென்சர் வெப்பத்தை வெளியே தள்ள முடியவில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாய் வெடிக்காமல் இருக்க பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டது. நின்ற கம்ப்ரஸரைப் பார்த்துச் செத்த கம்ப்ரஸர் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

அந்த வண்டியில் ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே எண் உள்ள ரிலே. ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் இடத்தில் செருகினேன். ஃபேன் 'விர்'ரென்று சுற்றத் தொடங்கியது. புது ரிலே முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீர்க் குழாயை மெதுவாகப் பிடித்துக் கண்டென்சரில் இருந்த ஒரு வருடத்து மண்ணையும் கழுவினோம். அந்த மாதப் பரிசோதனைக்கு அம்மா வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே போனாராம்.

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. கம்ப்ரஸர் உண்மையிலேயே தேய்ந்து, உள்ளிருந்து இரும்புத் தூள் கிளம்பிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அப்போது கம்ப்ரஸரோடு டிரையரையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, தூள் அடைத்த கண்டென்சரையும் மாற்றத்தான் வேண்டும். செலவு மிச்சம் என்று கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் போய்விடும். அளந்து பார்த்துச் சொல்கிறாரா, பார்வையிலேயே சொல்கிறாரா என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கேஜ் என்ன சொல்லும்?

நல்ல மெக்கானிக் முதலில் நீலம், சிவப்பு என்று இரண்டு கடிகாரம் உள்ள கேஜை மாட்டுவார். இன்று நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றில் ஓடும் ஆர்-134ஏ கேஸுக்கு, ஏ.சி. ஓடும்போது நீலம் சுமார் 25 முதல் 45 பி.எஸ்.ஐ., சிவப்பு சுமார் 150 முதல் 250 காட்டும். நம் கோடையில் சிவப்பு இன்னும் சற்று ஏறலாம்.

இரண்டும் குறைவு என்றால் கேஸ் கசிந்துள்ளது. இரண்டும் அதிகம் என்றால் ஃபேன் ஓடவில்லை, கண்டென்சர் அடைப்பு, அல்லது கேஸ் அளவுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் இருந்தால் கம்ப்ரஸருக்கு அழுத்தும் சக்தி போய்விட்டது. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. அளவுக்கு மேல் கேஸ் போட்டாலும் குளிர்ச்சி குறையும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 'இன்னும் கொஞ்சம் போடுப்பா' என்று காபிக்குச் சர்க்கரை கேட்பதுபோல் கேட்காதீர்கள்.

ஒழுங்கான கேஸ் வேலை எப்படி இருக்கும்?

கசிவு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கேஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். கல் அடி படும் கண்டென்சரின் கீழ் மூலை, குழாய் இணைப்புகள், கேஸ் ஏற்றும் வால்வு, கம்ப்ரஸரின் முன் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள்.

ஓட்டையை அடைத்தபின் வேக்கம் பம்பு போட்டு அரை மணி நேரமாவது உள்ளே இருப்பதை இழுக்க வேண்டும். காற்றோடு ஈரமும் வெளியேற அதுதான் வழி. அந்த ஈரம் தங்கினால் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து உலோகத்தையும் அரிக்கும். பம்பை நிறுத்தியபின் கால் மணி நேரம் முள் நகராமல் நிற்க வேண்டும். பிறகு, பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். சிறிய கார்களுக்கு இது அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும். 'பத்து நிமிஷத்திலே போட்டுத் தரேன்' என்பவரிடம் இத்தனையும் நடக்காது.

மலிவு என்று சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்ற விடாதீர்கள், அது தீப்பற்றும். எலெக்ட்ரிக் காரின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதன் எண்ணெயும் வேறு. அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும். எந்த வண்டியானாலும் கேஸ் குழாயை நாமே அவிழ்க்கக் கூடாது. இந்தக் கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறையும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நம் காரும் வானமும்

காரில் முதன்முதலில் ஏ.சி. வைத்து விற்றது அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம், 1940 மாடலில். அதில் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் என்ஜினை நிறுத்தி, இறங்கிப்போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அக்காலம் முதல் பல பத்தாண்டுகள் ஆர்-12 என்ற கேஸே கோலோச்சியது. அந்த வகைக் கேஸ்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தனர். 1995-இல் அவர்களுக்கும் குரூட்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது.

ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் 1430 மடங்கு வலியது. ஒரு சின்னக் கணக்கு: 450 கிராம் கேஸ் காற்றில் போனால் சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அது ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரிப்பது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், ஸ்ரீ சிட்டியிலிருந்து சென்னைக்கு 38 தடவை போய் வரலாம். ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் போடுகிறவர் தம்மை அறியாமலே இத்தனை புகையை வானத்துக்கு அனுப்புகிறார். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் இந்தக் கேஸுக்கு இடமில்லை. 2016-இல் கிகாலியில் செய்த திருத்தத்தை 2021-இல் ஏற்ற இந்தியா, 2032 முதல் 2047 வரை படிப்படியாக இவ்வகைக் கேஸ்களைக் குறைக்கவிருக்கிறது.

தெலுங்கில் நான்கு வாக்கியம்

சத்தியவேடு வட்டாரம் 1960-இல் எல்லை மாறும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பகுதி. ஆகவே தடா, சத்தியவேடு பட்டறைகளில் தமிழ் செல்லும். காளஹஸ்தி, திருப்பதி பக்கம் வண்டி மக்கர் செய்தால் கீழ்க்கண்டவை உதவும்:

"சல்லகா ராவடம் லேது" - குளிர்ச்சியாக வரவில்லை.
"லீக் எக்கட உந்தோ சூடண்டி" - கசிவு எங்கே என்று பாருங்கள்.
"பாத பார்ட்டு இவ்வண்டி" - பழைய பாகத்தைக் கொடுங்கள்.
"பில்லு இவ்வண்டி" - ரசீது கொடுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுவது நல்லது. கழற்றிய பாகத்தைக் கேட்பார்கள் என்று தெரிந்தால் தேவையில்லாத பாகம் கழலாது. பதிலுக்கு அவர் "கேஸ் அயிப்போயிந்தி" என்றால், இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்.

தாய்மார்கள் கவனத்துக்கு

வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும். ஜன்னலை விரலளவு திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இராது. "கடையிலே ரெண்டு நிமிஷம்தானே" என்று குழந்தையையோ, தூங்கும் பெரியவரையோ காரில் விட்டுப் போகவே கூடாது. ஏ.சி. ஓடுகிறது என்ற தைரியமும் வேண்டாம். மேலே சொன்ன ரிலே எந்த நிமிடமும் போகலாம். அதேபோல, மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விட்டு ஏ.சி.யில் தூங்குவது உயிருக்கு ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதலில் கதவுகளைத் திறந்து அனலை வெளியேற்றுங்கள். ஒரு நிமிடம் ஜன்னல் திறந்தபடி ஓட்டிவிட்டு, பிறகு மூடி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போடுங்கள். குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். எண்ணெய் சுற்றி வந்தால்தான் சீல் காயாமல் இருக்கும்.

இன்னொன்று. ஏ.சி. நன்றாக இருக்கும்போதே காற்று வரும் துவாரத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வைத்து, எத்தனை டிகிரி என்று டைரியில் குறித்து வையுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே வரும் காற்று 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. அடுத்த பங்குனியில் மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் கத்திரி தொடங்குமுன்பே பட்டறைக்குப் போய்விடலாம். அப்போது கூட்டமும் இருக்காது, மெக்கானிக்குக்கு நிதானமாகக் கசிவு தேடவும் நேரம் இருக்கும்.